பழைய வேட்டியில் ஒரு மம்மி

கீழடிப் பக்கம் என்.எஸ்.எஸ். முகாம் போயிருந்தபோது, ஒரு மாலை பள்ளிக்கூட வாண்டுகளை என்னிடம் விட்டுவிட்டார்கள். சும்மா இருப்பார்களா? "மம்மி செய்வோமா?" என்றேன்.

செய்முறை சுலபம். செய்தித்தாளை ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டி நூலால் கட்டினால் உடம்பு. காகித உருண்டைதான் தலை. பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, டீத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் பழைய துணி நிறம் வந்துவிடும். அதை மைதாப் பசையில் தோய்த்து, ஒர்க்‌ஷாப்பில் காயிலுக்கு டேப் சுற்றுகிறோமே, அதேபோல் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும். இரண்டு நாள் வெயில் போதும். செருப்பு டப்பாதான் சவப்பெட்டி!

எகிப்தியர்கள் நேட்ரான் உப்பில் உடலைச் சுமார் 40 நாள் உலர்த்தி, லினன் துணி சுற்றினார்கள். மொத்தம் 70 நாள் வேலை. ஈரம் போனால் அழுகாது. நம்ம கருவாட்டுத் தத்துவம்தான்.

எல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அண்ணே, அப்ப நம்மூர்ல என்ன செஞ்சாக?"

நான் திருதிருவென முழித்தேன். வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "பக்கத்துல கொந்தகையில தோண்டுனாகளே தம்பி, தாழி தாழியா, எலும்போட!"

2020 முதல் அங்கே அகழாய்வில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் அவை. எகிப்து தெரிந்த எனக்குப் பக்கத்து ஊர் தெரியவில்லை. வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் கண்மாய்க் களிமண் எடுத்துத் தாழி செய்தோம். நண்பர்களே, நீங்கள் மம்மி செய்தால் பக்கத்தில் ஒரு தாழியும் வையுங்கள். பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்!