நாலு வயதுக்கு எந்தச் சட்டை?

அமெரிக்காவிலிருந்து அத்தையோ சித்தியோ குழந்தைக்கு வாங்கி வரும் உடுப்புகளைப் பாருங்கள். ஒரு நிஜாரில் '4 டி' என்று சீட்டு தைத்திருக்கும். இன்னொன்றில் வெறும் '4'. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்து, மிஞ்சி நம் கடைகளுக்கு வரும் உடுப்புகளிலும் இதே கதைதான். இரண்டும் நாலு வயதுக்குத்தானே என்று நினைத்தால் ஏமாந்து போவோம்!

'டி' என்பது 'டாட்லர்' என்பதன் முதல் எழுத்து. தத்தித் தத்தி நடக்கும் குழந்தை என்று அர்த்தம். அந்தப் பருவத்தில் தொந்தி சற்று முன்னே தள்ளியிருக்கும்; கால்கள் குட்டை; போதாததற்கு உள்ளே டயப்பர் வேறு. ஆகவே 'டி' போட்ட நிஜாரைப் பின்புறம் தாராளமாக விட்டு வெட்டுகிறார்கள். வெறும் '4' என்பது டயப்பரை மறந்து, கைகால் நீண்டுவிட்ட பிள்ளைக்கு. நீளம் கொஞ்சம் கூட, பின்புறம் கொஞ்சம் கச்சிதம். பொதுவாக 2 டி-யில் தொடங்கி 4 டி அல்லது 5 டி-யோடு இந்த வரிசை முடியும்.

ஐரோப்பியர்களில் பலர் வயதைப் பார்ப்பதில்லை. 98, 104, 110 என்று குழந்தையின் உயரத்தை ஸென்டிமீட்டரில் போட்டு விடுகிறார்கள். குழப்பமே இல்லை!

"நாலு வயதாகியும் மூன்று வயதுச் சட்டைதானே சரியாக இருக்கிறது! குழந்தை இளைத்துவிட்டாளோ?" என்று கவலைப்படும் தாய்மார்கள் உண்டு. சீட்டில் இருப்பது கம்பெனிக்காரர் போட்ட கணக்கு. டாக்டரின் தீர்ப்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, நாலு வயதுப் பெண் குழந்தை 94 ஸென்டிமீட்டரும் இருக்கலாம், 111-ம் இருக்கலாம், இரண்டும் சகஜமே. மாதக்கணக்கில் உயரமோ எடையோ ஏறாமலே இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

'வளரும் பிள்ளை' என்று இரண்டு மூன்று ஸைஸ் கூட்டி வாங்குவதும் வேண்டாம். முதல் வருஷம் சுமார் 25 ஸென்டிமீட்டர் வளரும் குழந்தை, இரண்டாம் வருஷம் 12-தான் வளருகிறது. மூன்று வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஆறேழுதான். ஒரு ஸைஸ் கூட்டினாலே போதும். தோள் தையல் தோளில் நிற்க வேண்டும். கால் நுனி தரையில் புரண்டால் மாடிப்படியில் தடுக்கும்.

குழந்தையைச் சுவரோரம் வெறுங்காலுடன் நிறுத்தி உயரம், பிறகு மார்பு, இடுப்பு, உட்கால் நீளம் ஆகியவற்றை டேப்பால் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் திருத்தினால் போதும். "வயசு என்னம்மா?" என்று கடைக்காரர் கேட்டால், உயரத்தைச் சொல்லுங்கள்!