பிறகு நினைவூட்டு

பெரியப்பா வீட்டுக் கணினியில் 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்று பெட்டி வந்தால் படிக்கவே மாட்டார், 'பிறகு நினைவூட்டு' பட்டனை அழுத்திவிடுவார். ஆனால் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றத் தவறாத மனுஷன். ஆக, இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது.

வண்டியைக் கவனிக்கலேன்னா சத்தம் போடும். கணினி அப்படியில்லை, கடைசி நாள் வரை நல்லாவே ஓடும். அப்டேட்டின் பலன் 'ஒன்றும் நடக்காமல் இருப்பது'. போடாவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. செலவு மட்டும் உடனடி: அரை மணி நேரம், திறந்து வைத்த பத்து டேப்கள்.

2017 மே 12 அன்று வானாக்ரை உலகமெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் இலவச அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. எல்லோரும் பழைய எக்ஸ்பி-யைத் திட்டினார்கள். ஆனால் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அந்த அப்டேட் வந்து சேர்ந்திருக்கக்கூடியவை.

குரோம் மாதிரி, கேட்காமலே புதுப்பித்துக்கொள்வதுதான் சரியான வழி என்பது என் கட்சி. பேக்கப்பை மட்டும் அப்படி முழுசா விட முடியாது. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் வானாக்ரை பூட்டிவிடும். யாராவது கையால் கழற்றி வைக்கணும்.

போன வருஷம் என் டிஸ்க் செத்தது. கடைசி பேக்கப்புக்கு வயது பதினாலு மாதம். மகளின் முதல் பள்ளி நாள் படங்கள் போச்சு. இப்போ இரண்டு டிஸ்க், மாதம் ஒருமுறை மாற்றிச் செருகணும்.

இந்த மாதம் இன்னும் மாற்றலை.