கம்பளம் இழந்த முனிவன்

நூலாசிரியன் கருதாத பொருளை நூலின்மேல் ஏற்றியுரைப்பாரை 'வலிந்து பொருள் கொண்டார்' எனக் குறைகூறுதல் வகுப்பறை வழக்கம். அவ்வழக்கத்தை ஒரு நகைச்சுவைத் திரைப்படத்திற்குச் சமயப்பொருள் கண்டாரிடத்தும் செலுத்திப் பார்க்கலாம்.

அமெரிக்கரான கோயன் சகோதரர் ஆக்கி 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது 'தி பிக் லெபோவ்ஸ்கி'. தொடக்கத்திற் பெரிதும் போற்றப்படாத அப்படம் பின்னர் அடியார் கூட்டமொன்றைப் பெற்றது. 2002இல் லூயிவில் நகரில் அதற்கு விழாவெடுத்தனர். 2005இல் ஒலிவர் பெஞ்சமின் என்பார் அதன் தலைவன் பெயரால் 'டூடிசம்' என ஒரு சமயத்தையே தாபித்தார். ஜெப் பிரிட்ஜஸ் நடித்த அத்தலைவனோ தொழிலற்றவன்; தன்னை 'டூட்' என்றே கூறிக்கொள்பவன்; குளியலங்கியோடு கடைக்குப் போய் 69 சதத்துக்குக் காசோலை எழுதுபவன். தோழரோடு பந்துருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டமே அவன் வாழ்வு. அவன் பெயரையே உடைய செல்வனொருவனைத் தேடிவந்த அடியாட்கள், ஆளை மாறியறிந்து இவன் வீட்டுக் கம்பளத்தை அசுத்தப்படுத்துகின்றனர். அதற்கு ஈடு கேட்கப் போனதில் விளைந்ததே கதை.

இவனிடத்தில் இயேசுவைக் கண்டார் உளர். நீண்ட கூந்தல், தாடி, அங்கி, பாதரட்சை என்பன அவர் காட்டும் சான்று. தாடி வளர்த்தாரெல்லாம் தீர்க்கதரிசிகளாவரெனின் உலகம் என்றோ உய்ந்திருக்கும்! அன்றியும், படத்தில் இயேசு என்னும் பெயர் பூண்டவன் ஊதா உடையணிந்த, தற்பெருமை மிக்க எதிரணி ஆட்டக்காரன் ஒருவன். குறியீடு தேடுவாரை நோக்கி ஆக்கியோரே நகைத்தனர் போலும்.

சென் பௌத்தர் கண்ட பொருள் இதனினும் ஆழமுடையது. பேர்னி கிளாஸ்மன் என்னும் சென் ஆசிரியரும் பிரிட்ஜஸும் உரையாடியது 2013இல் நூலாகவே வெளிவந்தது. பற்றின்றி, வருவதை வந்தவாறே ஏற்பவன் டூட் என்பது இவ்வகையார் துணிபு. ஆயின் படத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் இடர்ப்பாடு தோன்றும். டூட் சினப்பவன், வசைமொழி ஓயாதவன். கம்பளத்தின்மேல் வைத்த பற்றே அவனை அத்தனை அல்லலுக்கும் இழுத்துச் செல்கின்றது. பற்றற்றவன் கம்பளத்துக்கு ஈடு கேட்பானா?

எனக்குச் சான்றாகத் தோன்றுவன ஒரு சொல்லும் ஒரு காட்சியும். இறுதியில் அவன் தன்னைக் குறித்துக் கூறும் 'அபைட்ஸ்' என்னும் சொல், நிலைத்திருத்தல், பொறுத்தல் என இருபொருளும் தருவது. தலைமுறைகள் மாறிச்செல்ல நிலம் நிலைத்திருத்தலைக் கூறுமிடத்து, 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் பிரசங்கி நூலில் ஆள்வதும் அச்சொல்லே. நிலமோ தன்மேல் விழுவதைத் தாங்குவது. டூட்டின் பொறுமை சினவாமையன்று. சினந்த பின்னும் தோழனைக் கைவிடாமை.

காட்சி இது. தோழன் டொனி மாரடைப்பால் இறக்கின்றான். சாம்பரை இடும் தாழிக்கு 180 டொலர் கேட்கின்றனர். கொடுக்க மனமின்றி, கோப்பிப் பேணியொன்றில் அதனை எடுத்துக்கொண்டு கடலோரக் குன்றொன்றில் நிற்கின்றனர் டூட்டும் வால்ட்டரும். வியட்நாமிற் போரிட்ட வால்ட்டர் இரங்கலுரையிலும் அப்போரையே நுழைத்துப் பேசிமுடித்துப் பேணியை உதறுகின்றான். காற்று எதிரே வீசுகின்றது. சாம்பர் டூட்டின் முகத்திலும் தாடியிலும் படிகின்றது. டூட் கத்துகின்றான், எதனையும் கேலிக்கூத்தாக்குகின்றாய் என வைகின்றான். வால்ட்டர் மன்னிப்புக் கேட்டு அவனைத் தழுவிக்கொள்கின்றான். சிறிதுபோது அவ்வாறே நின்றபின் இருவரும் பந்துருட்டப் போகின்றனர்.