வாழைக்காய் வணிகர் ஏற்றிய விளக்கு



பாழடைந்த கோயில்களின் கதையைக் கேட்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் பொரளையிலிருந்து வார்ட் பிளேஸ் வழியே நடந்து, விகாரமகாதேவிப் பூங்காவைக் கடந்தால் கொழும்பு நூதனசாலை. மன்னாருக்கு அண்மையிலுள்ள மாதோட்டத்தில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உள்ளன.

அவற்றுள் ஒன்று முதலாம் இராசராசன் காலத்தைச் சேர்ந்தது. மாதோட்டத்துக்கு அப்போது இராசராசபுரம் என்றும் பெயர். சோழநாட்டவரான தாழி குமரன் என்பவர் அங்கே இராசராசேச்சுரம் என்னும் சிவன் கோயிலைக் கட்டினார். வைகாசி விசாகத்தை ஒட்டி ஏழு நாள் விழா நடத்தவும் ஏற்பாடு செய்தார்.

இன்னொரு கல்வெட்டு திருவிராமீச்சரம் என்ற கோயிலைக் குறிக்கிறது. அங்கே விளக்கு எரிப்பதற்காக ஒருவர் பணம் கொடுத்தார். அந்த முதலைப் பொறுப்பேற்றவர்கள் யார் தெரியுமா? எண்ணெய் வணிகரான சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர்! சந்தை நடந்தால் வட்டி வரும். வட்டி வந்தால் விளக்கு எரியும்.

அந்தச் சந்தையும் சாதாரணமானதல்ல. மாதோட்டம் பெருந்துறைமுகம். 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாராய்ச்சியில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தன. ஆனால் 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் துறைமுகம் தளர்ந்தது. கப்பல்கள் வராத ஊரில் வணிகர் இருப்பாரா? வணிகர் இல்லாத ஊரில் விளக்குத்தான் எரியுமா? பேரரசன் பெயரைத் தாங்கிய கோயில் இன்று கல்லெழுத்தாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

அதே மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தின் கதை வேறு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. போர்த்துக்கேயர் அதை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழிச் செய்தி. கோயில் இருந்த இடம் காடாகியது. என்றாலும் தேவாரம் ஓதியவர் மனத்தில் கேதீச்சரம் இடியவில்லை. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்கக் குரல் கொடுத்தார். 1894இல் பழைய சிவலிங்கம் தோண்டியெடுக்கப்பட்டது. 1903இல் மீண்டும் வழிபாடு தொடங்கியது. அரசன் பெயர் காக்காத கோயிலை மக்களின் நினைவு காத்தது என்பேன்.

1990இல் போர் அந்த ஊர்களையும் பெயர்த்தது. அப்போது மாந்தைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் தங்கியிருந்த ஆச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "கோயில் இருக்குதோ எண்டு எல்லாரும் கேக்கினம், தம்பி. ஊர் இருக்குதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

2022 ஜூலையில், கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்ட கேதீச்சரத்தில் குடமுழுக்கு நடந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆச்சியின் சொல் என்னை விடவில்லை. கல்லால் கோயிலைக் கட்டலாம். விளக்கை ஏற்ற, பக்கத்தில் வாழைக்காய் விற்பவர் வேண்டும். அவருக்கு ஒரு வீடும் வேண்டும். நூதனசாலைக்குப் போனால் அந்தக் கல்வெட்டுகளைத் தேடிப் பாருங்கள், நேயர்களே. அது கோயிலின் கணக்கு மட்டுமல்ல. ஓர் ஊரின் கணக்கும்கூட.