கம்பைலர் மாறினால் நிரலும் மாறும்

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போடாத கணினிகளுக்குள் மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் புகுந்தது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. திருத்தமே வராத இயங்குதளத்தில் தொழில் நடத்துவது அதைவிட ஆபத்து. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. இயங்குதளத்தை மாற்றத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் கவலை, புது இயங்குதளம் வந்த கையோடு அதிலிருக்கும் புதுக் கம்பைலரில் பழைய மூலநிரலையும் தொகுத்து, இரண்டையும் ஒரே இரவில் ஓடவிடும் நிறுவனங்களைப் பற்றியது. மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். ஆனாலும் மறுநாள் ஓடுவது வேறு நிரல்.

2009-இல் லினக்ஸ் கெர்னலில் நடந்ததைப் பாருங்கள். 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெற்றுச் சுட்டியா என்று பிறகு சோதித்திருந்தார்கள். 'பயன்படுத்தியாயிற்று, எனவே வெற்றாக இருக்க முடியாது' என்று கணக்குப் போட்ட ஜிசிசி கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி அது செய்தது சரி. விளைவோ, சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்றும் ஓட்டை. கெர்னல் குழுவினர் டிரைவரைத் திருத்தியதோடு, இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்கே ஆணையிட வேண்டியதாயிற்று.

2016-இல் ஜிசிசி 6 வந்தபோதும் இதே வகைச் சிக்கல். சி++ நிரல்களில் 'திஸ்' சுட்டி ஒருபோதும் வெற்றாக இராது என்று அது எடுத்துக்கொண்டதால் குரோமியம், கியூட்டி போன்ற பெரிய திட்டங்களே தடுமாறின. 2024-இல் வந்த ஜிசிசி 14, சி நிரல்களில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் தொகுக்கவே மறுக்கிறது. பலர் எரிச்சலடைந்தார்கள்; நான் வரவேற்கிறேன். கண்ணெதிரே நிற்கும் பிழையைத் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் தொகுத்து, மாதக் கடைசியில் தவறான தொகையைக் காட்டும் நிரலை எங்கே போய்ப் பிடிப்பது? இரண்டையும் சேர்த்து மாற்றியிருந்தால், குற்றவாளி இயங்குதளமா கம்பைலரா என்பதே தெரியாது.

எனவே முடிந்தவரை பழைய பைனரியை அப்படியே புது இயங்குதளத்தில் முதலில் ஓட்டுங்கள். அது நிலைத்த பிறகு கம்பைலரை மாற்றுங்கள். பழைய பைனரி, புதிய பைனரி இரண்டுக்கும் ஒரே மாதத்துக் கணக்கைக் கொடுத்து, விடைகளைக் கடைசி இலக்கம்வரை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், காரணம் தெரியும்வரை பழையதே ஓடட்டும்.