கட்டபொம்மன் பேசியது எந்த ஊர்த் தமிழ்?

சென்ற தவணை விடுமுறைக்குச் சற்று முன்னர், யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே சங்கிலி மன்னன் நாடகத்துக்கு ஒத்திகை நடைபெற்றதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கடதாசி முடி தரித்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அரசனாக வீற்றிருந்தான். பறங்கித் தூதனாக வந்து நின்ற தோழனைக் கண்டதும், ஏட்டில் இருந்ததை மறந்து, “உவன் ஆர்?” என்று கேட்டுவிட்டான்.

பயிற்றிய ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. “இராசா இப்பிடியோ கதைப்பான்? கட்டபொம்மன் படம் பார்க்கேல்லையோ?” என்று அதட்டினார். சிறுவன் மார்பை நிமிர்த்திக் குரலைக் கனமாக்கி, “யாரவன்?” என்று கர்ச்சித்தான். எல்லோருக்கும் திருப்தி. நமக்கு மாத்திரம் ஓர் ஐயம் எழுந்தது. அந்தக் கட்டபொம்மன்தான் எந்த ஊர்த் தமிழ் பேசினான்?

1959 ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு உருவாக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் வசனங்களைச் சிவாஜி கணேசன் முழங்கிய முழக்கம் இசைத்தட்டுகளில் ஏறி, திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே ஊரெல்லாம் கேட்டது. மறு ஆண்டு கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய - ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகருக்கான பரிசும் அவருக்குக் கிடைத்தது.

வரலாற்றுக் கட்டபொம்மனுடைய வீட்டு மொழியோ தெலுங்கு. குடிகளோடு அவன் பேசிய தமிழ் திருநெல்வேலிச் சீமையின் தமிழாகவே இருந்திருக்கும். 1798 செப்ரெம்பரில் இராமநாதபுரத்திலே கலெக்டர் ஜாக்சனை அவன் சந்தித்தபோது இருவருக்கும் நடுவில் ஒரு துபாஷி நின்றிருப்பான். படத்தில் துபாஷிக்கு வேலையில்லை. ஜாக்சனாக வந்த சி. ஆர். பார்த்திபன் தாமே தமிழ் பேசுகிறார். அவர் அந்நியர் என்பதை அவரது நாவின் கோணலே காட்டிக்கொடுக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியாரின் பேச்சிலோ எந்த ஊரின் வாடையும் இல்லை.

அக்காலத்தவரின் பேச்சைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேர்ச் சாட்சியங்களுள் மிகச் சிறந்தது, பேச்சே இல்லாத ஒருவரைப் பற்றியது என்பது விந்தைதான். அவர்தாம் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படை அதிகாரி வெல்ஷ், தமது நினைவு நூலில் அவரைப் பெருவியப்புடன் குறிப்பிடுகின்றார். துரும்புகளை உள்ளங்கையில் அடுக்கி ஆங்கிலப் படையாகக் காட்டி, மறு கையால் அவற்றைத் துடைத்தெறிந்தே அவர் தாக்குதலுக்கு ஆணையிட்டாராம்!

அப்படியாயின் திரையில் நாம் கேட்ட தமிழ் எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலம் தொட்டுப் பாய்ஸ் கம்பனிகளிலே பையன்கள் மனனஞ் செய்து பழகிய தமிழ் அது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று மெய்யெழுத்துகளை அழுத்தியும் உயிர்களை நீட்டியும் ஒலித்த தமிழ். பின்னர் இளங்கோவன், அண்ணாத்துரை, கருணாநிதி ஆகியோரின் பேனா முனையில் அதற்கு எதுகையும் மோனையும் அடுக்கும் சேர்ந்தன. கணேசனுக்குச் ‘சிவாஜி’ என்ற பெயரைத் தேடித் தந்ததும் 1946 இல் அண்ணாத்துரையின் நாடகத்திலே மராத்திய மன்னனாக நடித்த நடிப்பேயாகும். ஆக, மராத்தியனுக்கும் அந்தத் தமிழ், பாளையக்காரனுக்கும் அந்தத் தமிழ்.

இதைக் குறையாகக் கூறுகிறோமென்று எண்ண வேண்டாம். எந்த ஊருக்கும் உரியதல்லாத தமிழாதலால் எல்லா ஊராரும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். மதுரையிலும் மட்டக்களப்பிலும் பினாங்கிலும் ஒரே வசனத்தை ஒரே உச்சரிப்பில் சிறுவர்கள் ஒப்புவித்தார்கள். ஏன், பிற மொழியாருக்கும் அது வசப்பட்டது. 1931 இல் வெளிவந்த முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்திலே கதாநாயகி ரி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினான். பதினோராண்டு கழித்து ‘கண்ணகி’ வந்தபோதோ, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா, இளங்கோவனின் வசனங்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் படித்தார் என்பர். அந்தக் கண்ணகியின் நீதி கேட்கும் குரலைத்தான் தமிழுலகம் தமிழின் குரலாகவே கொண்டாடியது.

மேலைநாட்டாரும் இவ்விஷயத்தில் நம்மைப் போன்றவர்களே. 1960 இல் வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்திலே உரோமப் பிரபுக்களாக லோரன்ஸ் ஒலிவியர், சார்ள்ஸ் லோட்டன் முதலிய ஆங்கிலேயர் வருகின்றனர். கிளர்ந்தெழும் அடிமைகளாக வரும் கேர்க் டக்ளசும் டோனி கேர்ட்டிசும் அமெரிக்கர். இலத்தீன் பேசியோர் இருவகை ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆண்டான் யார், அடிமை யார் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் விளங்கிவிடும். நம் நாட்டிலும் 1974 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய ‘த கோட் கிங்’ படத்திலே, ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரிய மன்னன் காசியப்பன், ஆங்கிலேய நடிகர் லீ லோசனின் வாயால் ஆங்கிலம் பேசினான்.

இனி, நம் சிறுவனின் “உவன்” என்ற சொல்லுக்கு வருவோம். சுட்டெழுத்துகள் அ, இ, உ என மூன்று என்பது தொல்காப்பியம். தமிழகத்துப் பேச்சிலே உகரச் சுட்டு வழக்கொழிந்து எத்தனையோ காலமாயிற்று. யாழ்ப்பாணத்துக் கிழவியோ இன்றும் ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ என்கிறாள். சங்ககாலப் புலவனொருவன் எழுந்து வந்தால் அவளோடுதான் சுட்டிப் பேச வசதியாயிருக்கும்.

றகரத்தின் கதையும் இதுவே. க, ச, ட, த, ப, ற என வல்லினத்தோடு அதை ஏன் வைத்தனர் என்று சிந்தித்ததுண்டா? பழந்தமிழிலே அது நுனிநாக்கு மேற்பல்லின் பின்புறத்து அண்பல்லில் ஒற்றி எழுந்த வல்லொலி. ‘குற்றம்’, ‘காற்று’ என்பவற்றைத் தமிழகத்தார் ‘ட்ர’ போல உருட்டி ஒலிக்க, நம்மவர் நாவை ஒற்றியே ஒலிக்கின்றனர். ‘ரிக்கற்’ என்று நாம் எழுதுவதும் அவ்வொலி நம்மிடம் உயிரோடிருப்பதாற்றான். திரைப்படத்துக் கண்ணகியின் ‘குற்றம்’ செவிக்கு எத்துணை இனித்தபோதிலும், பழைய ஒலிக்கு நெருங்கியது நம் ஊர் விதானையாரின் ‘குற்றம்’ என்றே சொல்லலாம்.

பழைய பேச்சை அறிய வழியே இல்லை என்பதும் சரியன்று. 1578 இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்ட என்றிக் என்றிக்கஸ் பாதிரியார், முத்துக்குளித்துறைப் பரதவர் பேசிய தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதியிருக்கிறார். அத்துறை பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூப்பிடு தூரமெனலாம். யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த பல்தேயு பாதிரியாரும், 1672 இல் வெளியான தமது நூலில் தமிழிலக்கணக் குறிப்பொன்றைச் சேர்த்துள்ளார். சங்கிலியின் அரசு 1619 இல் வீழ்ந்து அரை நூற்றாண்டே கடந்திருந்த காலம் அது. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, ஊர் திரும்பி யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலே நாடகம் எழுதியதும் நினைவுகொள்ளத் தக்கது.

திரையுலகமும் சும்மா இருந்ததன்று. 2010 இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் சோழர் வழிவந்தோர் பழந்தமிழ் பேச, தமிழ் இரசிகரே பொருள் விளங்காமல் திகைத்தனர். 2022 இன் ‘பொன்னியின் செல்வன்’ அடுக்குமொழியைக் களைந்து எளிய தமிழைக் கைக்கொண்டது. எனினும் அதுவும் ஏட்டுத் தமிழே. 2024 இல் ‘தங்கலான்’ வட ஆர்க்காட்டுப் பேச்சை மணத்தோடு தந்தது. ஆனால் அதிலே பேசுவோர் சுரங்கத்துத் தொழிலாளர். ஊர்ப் பேச்சு கூலியாளுக்கும் வாயிற்காவலனுக்கும் விகடனுக்கும் ஆகும், முடி தரித்தவனுக்கு ஆகாது என்னும் எழுதாச் சட்டம் இன்னும் மாறவில்லை. அச்சட்டத்தை நம் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர் என்பதுதான் நமக்கு வருத்தம். வீட்டில் ஆச்சி பேசுவது சிரிப்புக்குரிய தமிழ் என்று எவரும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

நாடக தினத்தன்றும் சென்றிருந்தோம். சிறுவன் அட்சரம் பிசகாமல் முழங்கினான். கரகோஷம் கூரையைப் பிளந்தது. மூன்றாங் காட்சியிலே மர வாள் கைநழுவி மந்திரியின் காலடியில் விழுந்தது. அரசன் பதறாமல், “உதை எடும்” என்றான். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

நமக்கு அடுத்த கதிரையில் இருந்த மூதாட்டி நம்மைத் திரும்பிப் பார்த்து, “ஏன் தம்பி சிரிக்கினம்?” என்று கேட்டார்.