வேனிலில் குழந்தைகளைப் பேணல்

தமிழ்நாட்டில் மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் தொடங்குகின்றது. அந்நாட்களில் வேலூர், திருத்தணி முதலிய ஊர்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பதும் உண்டு. வளர்ந்தோர் நா வறண்டால் நீரை நாடுவர். வெயில் சுட்டால் நிழலில் ஒதுங்குவர். சிறு குழந்தைக்கோ இவ்விரண்டும் இயலா. அதன் உடலும் வளர்ந்தோர் உடலினும் விரைவில் வெம்மையுறும். ஆதலின், அதன் தாகத்தைக் குறிப்பால் அறிந்து தணித்தல் வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் கடமையாகும்.

ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவுமாம், நீருமாம். கோடையிலும் அதற்குத் தண்ணீர் வேண்டுவதில்லை; அடிக்கடி பாலூட்டலே போதும். அதனின் மூத்த குழந்தைகட்குக் காய்ச்சி ஆறிய நீரும் மோரும் பலமுறை தருதல் வேண்டும். மெல்லிய பருத்தியாடையே ஏற்றது. தொட்டிலைத் தடித்த துணியால் மூடுதல் தீது. காற்று புகாமையால் உள்ளே வெம்மை பெருகும். நிறுத்திய காரினுள் குழந்தையைச் சிறிது பொழுதும் தனியே விடலாகாது. கண்ணாடியைச் சற்றே திறந்து வைப்பினும் பத்து நிமிடத்தில் உள்வெப்பம் மிக ஏறிவிடும்.

சிறுநீர் குறைதல், வாய் உலர்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை, பேசவியலாக் குழந்தை தன் துன்பத்தை உணர்த்தும் குறிகளாம். உடல் கொதித்து நினைவு தடுமாறுமாயின், 108 என்னும் எண்ணிற்கு உடனே அழைத்தல் வேண்டும். ஊர்தி வரும்வரை குழந்தையை நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுக. மயங்கிய குழந்தையின் வாயில் நீர் ஊற்றலாகாது.

பெற்றோர் வேலைக்குச் சென்ற வீடுகளில் தம்பி தங்கையரைக் காப்போர் பலகாலும் மாணவரே. அவர்கள் இவற்றை அறிந்திருப்பின் ஓருயிர் பிழைக்கும்.